மிதித்தால் அரைக்கும் கார்: ஒலியின் இடத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

வண்டி நிதானமாக உருளும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும், ஈரமில்லாத அம்மியில் குழவியை இழுத்ததுபோல அடியிலிருந்து ஓர் ஒலி கிளம்புகிறது. காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் எந்த ஒர்க் ஷாப்புக்குப் போனாலும் இதற்கு ஒரே சொல்தான்: "வண்டி அரைக்குது, அண்ணாச்சி." சில்லறைக் காசில் ஒரு கிளிப் போட்டு முடித்துவிடக்கூடிய கோளாறும், கியர்பாக்ஸையே கீழே இறக்கிப் பிரிக்க வேண்டிய கோளாறும் அந்தச் சொல்லுக்குள் சேர்ந்தே கிடக்கின்றன. ஆகவே, எந்தப் பாகத்தையும் மாற்றக் கொடுப்பதற்கு முன், ஒலி எதைப் பின்தொடர்கிறது என்பதை வண்டி ஓட்டுபவரே பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். இராதாபுரம் பக்கம் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலை ஒன்றில் போய்வந்த மறுநாள், என் காரின் முன்பக்கம் கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. வேகம் ஏற ஏற ஒலியும் ஏறியதால், "மிதித்தால் சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தேன். இடப்பக்க முன்சக்கரப் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு மெக்கானிக் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகரத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டிருந்த, புளியங்கொட்டை அளவுள்ள ஜல்லி ஒன்றைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

முதலில் பார்த்தவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; நான் சொன்ன தகவலே தவறானது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: என்ஜினின் சுழற்சி கூடுகிறது, சக்கரம் வேகமாகச் சுழல்கிறது, கியர் பற்கள், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான ஆக்சில், என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டு ஆகியவற்றின் மேல் பளு ஏறுகிறது. ஒலி இந்த மூன்றில் எதனுடன் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

நின்ற இடத்தில் செய்யும் சோதனை

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜின் சூடேறிய பின் சுழற்சியை மெல்ல நிமிடத்துக்கு 2500 முதல் 3000 வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். சக்கரம் அசையாதபோதும் அதே ஒலி வந்தால், சக்கரப் பேரிங், ஆக்சில், பிரேக் ஆகிய மூன்றும் அந்த நிமிடமே பட்டியலிலிருந்து நீங்கிவிடும். மிஞ்சுவது என்ஜின் முகப்பிலுள்ள பெல்ட்டும் அதன் உருளைகளும், சைலென்சர் குழாயைச் சுற்றியுள்ள தகரங்களும், கிளட்ச்சும், கியர்பாக்ஸின் முன்பகுதியும்தான். பானெட்டைத் திறந்து காது கொடுப்பவர் வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் பெல்ட்டின் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அதே நிலையில் கிளட்ச் பெடலை முழுவதுமாக மிதித்தும் விட்டும் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது ஒலி பிறந்தால், பெடலை மிதிக்கையில் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாறாக, மிதித்தால் ஒலி நின்று, விட்டால் மீண்டும் வந்தால், என்ஜினிலிருந்து சுழற்சியை வாங்கும் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பத்து வினாடியில் முடியும் இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை.

சாலையில் செய்யும் சோதனை

நின்ற இடத்தில் ஒலி வரவில்லை என்றால் வண்டியைச் சாலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். இடத்தைத் தேர்ந்துகொள்வதில் கவனம் வேண்டும். ஆனி, ஆடியில் பணகுடிக்கும் ஆரல்வாய்மொழிக்கும் இடையே காற்றாலைகளைச் சுழற்றும் காற்றில் கண்ணாடியை இறக்கினால் காற்றைத் தவிர எதுவும் கேட்காது. அதிகாலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில், நீண்ட மதிலை ஒட்டிய சாலையே இதற்கு ஏற்றது. பாளையங்கோட்டையில் பள்ளி, கல்லூரி மதில்களுக்குக் குறைவில்லை. கண்ணாடியை இறக்கிக்கொண்டு மதிலை ஒட்டிப் போனால், சக்கரத்தின் ஒலி மதிலில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். திரும்பி வரும்போது மறுபக்கச் சக்கரத்தைக் கேட்கலாம்.

வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டதும், ஒலி நன்றாகக் கேட்கும் நிலையில் கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிட வேண்டும். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஸ்டீரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும், பிரேக்குக்கு உதவும் வெற்றிட விசையும் சில மிதிப்புகளில் தீர்ந்துவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து உருளவிட்டாலே போதும். உருளும்போதும் ஒலி தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அதுவும் தணிந்தால், அது சக்கரத்தின் ஒலி. நியூட்ரலுக்கு மாற்றிய கணமே மறைந்தால், அது பளுவின் ஒலியோ என்ஜினின் ஒலியோ ஆகும்.

அந்த இரண்டையும் பிரிக்க, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் முதலில் இரண்டாம் கியரிலும் பிறகு நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்க்கலாம். சாலை வேகம் ஒன்றுதான், ஆனால் என்ஜின் சுழற்சி வெகுவாக மாறுகிறது. கியர் மாறியதும் ஒலியின் சுருதி மாறினால் என்ஜினோடும் கியர்பாக்ஸின் முன்பகுதியோடும் தொடர்புடையது. மாறாவிட்டால் ஆக்சிலையும் அதற்கு அப்பால் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். பளுவை மட்டும் ஏற்றிப் பார்க்க ஏற்றம் வேண்டும். நம் ஊர்ப் பகுதி பெரும்பாலும் சமதளம் என்றாலும், கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றமே போதுமானது. தென்காசிப் பக்கத்தவர்களுக்குப் புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் மலைச்சாலை இருக்கிறது. ஏறும்போது அரைத்து, அதே வேகத்தில் இறங்கும்போது அமைதியாக இருந்தால், பளு தாங்கும் பாகம் ஒன்று தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

தகரம், கல், செடித் தட்டை

கேட்பதற்குப் பயங்கரமாகவும் சரிசெய்வதற்கு எளிதாகவும் இருப்பவை இவை. எனவே இவற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

சைலென்சர் குழாயின் சூடு வண்டியின் தரையை எட்டாமல் தடுப்பதற்காக மெல்லிய தகரங்கள் பொருத்தப்பட்டிருக்கும்; ஒர்க் ஷாப்பில் இவற்றை ஹீட் ஷீல்டு என்பார்கள். உவரி, கூடங்குளம், திருச்செந்தூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இவற்றின் போல்ட் துளைகளைச் சுற்றி அரித்துவிடுவதால், தகரம் தளர்ந்து, குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும் அதிர்ந்து அரைக்கும். அதற்கு மேலோ கீழோ போனால் நின்றுவிடும். வண்டி முழுவதும் ஆறிய பின், கையுறை அணிந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். போல்ட் போயிருந்தால், குழாயைச் சுற்றி வளைக்கும் அளவுக்குப் பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஓஸ் கிளிப் ஒன்றைத் தகரத்தின்மேல் போட்டு இறுக்கினால் போதும். அதைக் கழற்றி எறிந்துவிட்டால் சத்தம் போய்விடும் என்பது உண்மைதான்; ஆனால் அடுத்த பத்தியில் வரும் காரணத்துக்காகவே அதைச் செய்யக் கூடாது.

சங்கரன்கோவில், கயத்தாறு போன்ற மானாவாரிக் காட்டுப் பகுதிகளில், அறுவடை செய்த உளுந்து, பயறு, கொள்ளுச் செடிகளைச் சாலையில் பரப்பி, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களாலேயே போரடித்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவற்றின்மேல் ஓட்டிச் சென்றால் காய்ந்த தட்டை ஆக்சிலில் சுற்றிக்கொண்டு, சக்கரம் சுழலும்போதெல்லாம் அடித்தகட்டில் உரசி வறட்டொலி எழுப்பும். ஒலியை விடப் பெரிய ஆபத்து, அந்தத் தட்டை சூடான சைலென்சர் குழாயில் பட்டுத் தீப்பற்றக்கூடியது என்பதுதான். செடிகளின்மேல் ஓட்டிய உடனே ஒலி மாறினால், அடுத்து கிடைக்கும் வெறுமையான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, குனிந்து பார்க்க வேண்டும். சுற்றியிருப்பதைக் கையால் இழுக்காமல், கத்தியால் நீளவாக்கில் அறுத்து எடுக்க வேண்டும். ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையில் கத்தி பட்டுவிடக் கூடாது; பட்டால் அடுத்த கோளாறை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

டிஸ்க்குக்கும் அதன் பின்தகரத்துக்கும் இடையில் கல் சிக்கிய வண்டி, சக்கரத்தின் சுழற்சிக்கேற்ப சீறும் அல்லது கீறும். ஆளில்லாத இடத்தில் சில மீட்டர் தூரம் பின்னோக்கி ஓட்டினால் சில வேளை கல் தானே உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகரத்தைத் திருப்புளியால் சற்றே நெம்பிக் கல்லை எடுத்து, தகரம் டிஸ்க்கைத் தொடாதபடி கையால் வளைத்துவிட வேண்டும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே பிரேக் பேடின் கனத்தையும் பார்த்துவிடலாம். இரும்புத் தகடு நீங்கலாக 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை.

ஜாக்கி போடுவதைப் பற்றி ஒரு சொல். கரிசல் மண்ணிலும், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலும் ஜாக்கி பளுவோடு புதைந்து சாயும். கனமான பலகையை அடியில் வைத்து, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, தூக்கிய பின் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் உடலை நுழைப்பவருக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை.

சக்கரப் பேரிங்

உருளவிட்டாலும் நிற்காத, வேகத்தோடு ஏறும் ஓர் உறுமல் பெரும்பாலும் சக்கரப் பேரிங்கிலிருந்து வருகிறது. தொடக்கத்தில் அது டயரின் ஒலி போலவே இருக்கும் என்பதால் பலர் மாதக்கணக்கில் அதனோடு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, அகலமான வெற்றுச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளைத்து ஓட்ட வேண்டும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பளு இடப்பக்கச் சக்கரங்களின்மேல் சாய்கிறது. அப்போது உறுமல் கூடினால் இடப்பக்கப் பேரிங்கும், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கப் பேரிங்கும் தேய்ந்திருக்கும். பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லாவிட்டாலும் பேரிங் நல்லது என்று முடிவுசெய்துவிடக் கூடாது. ஒரு கையைச் சஸ்பென்ஷனின் சுருள் வில்லின்மேல் வைத்து, மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், கெட்டுப்போன பேரிங்கின் நறநறப்பு வில்லின் வழியே விரலுக்கு வரும். காதுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியின் பேரிங்குக்குள் சேற்று நீர் புகுந்திருந்தால் கிரீஸ் கெட்டு, துரு ஏறி, உறுமல் பிறகுதான் வெளிப்படும். பழைய கார் வாங்குபவர்கள் நான்கு சக்கரங்களையும் தூக்கிச் சுழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இருக்கையின் அடிக்கம்பிகளில் படிந்த வண்டல் கழுவினாலும் முழுவதும் போகாது, அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

பேரிங்கை வீட்டு வாசலில் மாற்ற முயல வேண்டாம் என்பதே என் கருத்து. சக்கரம் பொருத்தப்படும் நடுப்பாகமான ஹப்போடு சேர்ந்தே வரும் வகையாக இருந்தால் கைதேர்ந்தவர் மாற்றிவிடலாம். அழுத்திப் பொருத்தும் வகைக்குப் பிரஸ் என்னும் அழுத்தும் இயந்திரம் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங்கில் உள்ளே இருக்கும் குண்டுகளின் தடம் அப்போதே பதிந்துவிடுவதால், புதியதும் விரைவில் உறுமத் தொடங்கும். ஆகவே ஒர்க் ஷாப்பில் விடுவதற்கு முன் "பிரஸ் இருக்கிறதா?" என்று கேட்பது தவறில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆக்சில் நட்டைப் பழையதையே திரும்பப் போடாமல், புதிய நட்டைப் போட்டு, அந்த வண்டிக்குரிய கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும்.

ஆக்சில், கிளட்ச், கியர்பாக்ஸ்

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் ஒவ்வோர் ஆக்சிலின் இரு முனைகளிலும், வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் மூட்டான சிவி ஜாயிண்ட் இருக்கிறது. வெளிமுனை தேய்ந்தால், ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்து மிதிக்கும்போது டக் டக் என்று அடிக்கும். உள்முனை தேய்ந்தால், நேராக ஓடும்போதே மிதித்தவுடன் வண்டி நடுங்கி அரைக்கும், காலை எடுத்தால் நடுக்கம் நிற்கும். சக்கர விளிம்பின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் சிதறியிருந்தால் ரப்பர் உறை கிழிந்துவிட்டது என்று பொருள். இன்னும் ஒலி வராத நிலையில் கண்டுபிடித்தால், ஜாயிண்ட்டைக் கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸைப் புதிதாக நிரப்பி, உறையையும் கிளாம்பையும் மட்டும் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். ஒலி வரத் தொடங்கிவிட்டால் உள்ளே மணல் வேலையை முடித்துவிட்டது. ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டும். ஆக்சிலை உருவும்போது கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகும் என்பதால், ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

என்ஜின் மவுண்டு அறுந்திருந்தால் மிதிக்கும்போது என்ஜின் ஒரு பக்கமாக எழும்பி, சைலென்சர் குழாய் அடித்தகட்டில் உரசும். ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரில் கிளட்ச்சைச் சற்றே விட, மற்றவர் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பார்த்தால் தெரிந்துவிடும். வண்டிக்கு முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, ஆயிலைப் பார்க்காமல் அதைப் பிரிக்கக் கொடுப்பது பெருந்தவறு. சிறிய கார்கள் பலவற்றில் மொத்தமே ஏறத்தாழ 2 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. ஒழுகும் சீல் ஒன்று பல மாதங்களில் அதைப் பாதியாக்கிவிடும். வண்டியைச் சமமாகத் தூக்கி, பக்கத்திலுள்ள நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றினால், ஆயில் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கையேட்டில் சொன்ன தரத்தில் மட்டுமே நிரப்ப வேண்டும். ஜிஎல் 4 என்ற தரக்குறியுள்ள ஆயிலைக் கேட்கும் பெட்டியில் ஜிஎல் 5 ஊற்றினால் அதன் சில சேர்மங்கள், கியர் மாற உதவும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். கியர் பற்களுக்குப் பதில் பெல்ட்டும் உருளைகளும் கொண்ட சிவிடி வகை ஆட்டோமேட்டிக்கில் அதற்கென்றே உள்ள திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. ஆயிலை வடிக்கும்போது, கியர்பாக்ஸின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. நகம் போன்ற இரும்புச் சிம்புகள் இருந்தால் பற்களோ பேரிங்கோ உடைந்திருக்கின்றன. ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியரில் மட்டும் அரைத்தால் அந்தக் கியரின் பற்களையும், எல்லாக் கியர்களிலும் அரைத்தால் தண்டுகளின் பேரிங்குகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ரிலீஸ் பேரிங்கை மாற்றுவதானால் கிளட்ச் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் உடன் பார்த்துவிடுவது நல்லது. பெட்டியை இறக்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

பொலேரோ, ஆம்னி, ஈக்கோ போன்று பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில், நடுவில் ஓடும் தண்டின் கிராஸ் ஜாயிண்ட் என்னும் மூட்டையும், பின் ஹவுசிங்கிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் பற்சக்கர இணையான கிரவுன் பினியனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டால் அடங்கும் ஒலி பினியன் பக்கத்தது.

ஒலியோடு ஸ்டீரிங் ஆட்டமோ, கருகிய வாடையோ, ஆயில் ஒழுக்கோ சேர்ந்திருந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியை அழைக்க வேண்டும். ஹப் சூடாக இருக்கிறதா என்று அறிய அதைத் தொட வேண்டியதில்லை. நான்கு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அதுவே சொல்லிவிடும். ஒர்க் ஷாப்பில் விடும்போது, "நின்ற இடத்தில் வரவில்லை, நியூட்ரலில் உருளும்போதும் வருகிறது, வலப்பக்கம் திரும்பினால் கூடுகிறது" என்று சோதனையின் முடிவுகளைச் சொல்லி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக்காட்ட வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து வந்த வண்டியில், கழற்றிய சக்கரத்தின் நட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். பிறகு அதே மதிலோரச் சாலையில், அதே அதிகாலை நேரத்தில், அதே வேகத்தில் கண்ணாடியை இறக்கி ஓட்ட வேண்டும். பெரிய உறுமல் போனதும், அதுவரை அதற்குள் மறைந்திருந்த மெல்லிய உறுமல் ஒன்று மறுபக்கச் சக்கரத்திலிருந்து கேட்கக்கூடும். அது புதிய பேரிங்கின் குறையல்ல, அதே தொலைவு ஓடிய மற்றொரு பேரிங் தன் முறைக்குக் காத்திருக்கிறது.